எதிர்வீட்டுக் கல்லறை

கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று சொல்லி வைத்தவர்கள் எங்கள் அக்காவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். அவளுடைய எதிர்வீட்டுக்காரிக்குக் கல்லாவது இருந்தது. பெயர் வெட்டி, சுற்றிலும் இரும்புக் கம்பி போட்ட, மழை பெய்தால் பளபளக்கிற நல்ல கல். சுற்றிப் புல்லும் இருந்தது. அக்காவுக்கு இரண்டும் இல்லை. அடுத்தவள் வீட்டைப் பார்த்து, நகையைப் பார்த்து, பிள்ளைகளின் படிப்பைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உண்டு. நானே எரிந்திருக்கிறேன். அடுத்தவள் புருஷனுடைய கல்லறையைப் பார்த்து வயிறெரிந்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் என்னோடு வேலை பார்த்தவள், என்னைவிட மூத்தவள். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தலையில் மாட்டிக்கொள்ள ஒரு விளக்கு உண்டு. அதற்கான பேட்டரி இடுப்பு வாரில் தொங்கும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஆள் தன் எண் போட்ட பித்தளை வில்லையை எங்களிடம் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிப் போவார். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்வார். ஒருவர் விளக்கை இன்னொருவர் கட்டக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் சட்டம். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். "கீழ ஏதாவது ஆச்சுன்னா அந்த நம்பர்தான் உங்க பேரு" என்பாள் அக்கா. புதியவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள்.

விபத்து நான் வேலைக்குச் சேருவதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. ஒரு சுரங்கப் பாதையில் வாயு பற்றிக்கொண்டு வெடித்துவிட்டது. அங்கே வேலை செய்த குழுவில் அக்காவின் வீட்டுக்காரர் இருந்தார், எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். ஒரே உயரம், ஒரே உடல்வாகு, போகும்போதும் வரும்போதும் தோளில் கை போட்டுக்கொண்டு போகிற ஆட்கள். பெண்கள் எல்லாரும் சுரங்க வாசலில், ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு மேலே வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிலர் உயிரோடு வந்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகளைப் பார்த்து அக்காவுக்குப் பொறாமையாக இருந்தது. அது யாருக்கும் வருவதுதான். பிறகு பிணங்கள் வரத் தொடங்கின. பொறாமை அப்போதும் நிற்கவில்லை.

"கூண்டுக் கதவு திறக்கிறப்பல்லாம் ஒருத்தி அலறுவா. அலறுறதுக்கு எனக்கு எப்ப முறை வரும்னு இருந்துச்சு" என்று ஒருநாள் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அவளுடைய முறை வரவே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் உள்ளே பாக்கி இருக்கும்போது மறுபடி தீ கிளம்பியது. மற்ற பாதைகளுக்குப் பரவாமல் இருக்க அந்தப் பாதையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மேலே வந்த உடல்களில் முகம் அடையாளம் தெரிகிற நிலையில் எதுவும் இல்லை. இடுப்பில் இருந்த எண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லி, பெட்டியை ஆணியடித்து, திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரிக்குப் பெட்டி வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் எண் வரவில்லை. தீ தணிந்ததும் சுவரை உடைத்து எடுத்துத் தருகிறோம், பொறுமையாக இருங்கள் என்றார்கள். தீ தணியவில்லையோ, அவர்களுக்குத்தான் மறந்துபோயிற்றோ, சுவர் அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரிக்குக் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள், அக்காவுக்கு விளக்கறையில்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் எதிர்வீட்டுக்காரி கையில் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புவாள். "எங்க வீட்டுக்காரரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று, ஏதோ ஆபீஸில் இருக்கிற ஆளைப் பார்க்கப் போகிறவள் மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். இருவருக்கும் ஒரே தெரு என்பதால் அக்கா கூடவே போய், தோட்டத்து வாசலில் அவளுடைய பையையும் குடையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே மட்டும் போக மாட்டாள். "உள்ள எனக்கு யாரு இருக்கா?" என்பாள். வெளியே வந்த எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லில் பாசி பிடிக்கிறது, கம்பியில் துரு ஏறுகிறது என்று அலுத்துக்கொள்வாள். சங்கிலி கனக்குது, கழுத்து வலிக்குது என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார்களே, அந்த மாதிரிதான் அக்காவுக்கு அது கேட்கும். வீடு வந்து சேருகிறவரை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

போதகர் நல்ல மனிதர். ஆள் இல்லாவிட்டால் என்ன, பெயர் போட்டு ஒரு கல் நட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். "ஆள் இல்லாத வீட்டுக்குப் பேர்ப்பலகை எதுக்குங்க ஐயா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் பிரசங்கத்தில், இருள் காலத்திலும் பொறுமையோடு காத்திருப்பது எப்படி என்பதற்கு இவளையே உதாரணமாகக் காட்டினார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்குப் 'பொறுமைக்காரி' என்று பெயரே விழுந்துவிட்டது.

"பொறுமையாம். பஸ்ஸு வராம ஒருத்தி ஸ்டாப்புல நிக்கிறா, அதுக்குப் பேரு பொறுமையா? வேற வழியில்ல, நிக்கிறா. அவ்வளவுதான்" என்று மறுநாள் விளக்கறையில் என்னிடம் பொரிந்து தள்ளினாள். பொறுமைக்காரி பொரிவதைக் கேட்கிற பாக்கியம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜெபத்தை அவள் விட்டதே இல்லை. காலையில் விளக்கறைக் கதவைத் திறந்ததும், சார்ஜில் போட்டிருக்கிற விளக்குகளின் நடுவே நின்று கண்ணை மூடுவாள். "உயிரோட கேக்கல ஆண்டவரே. அதைக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. எங்க இருக்காருன்னு மட்டும் காட்டும். எதிர்வீட்டுக்காரிக்குக் காட்டினீரே, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" அந்தக் கடைசி வரி இல்லாத ஜெபத்தை நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் இது சகிக்கவில்லை. ஜெபத்திலுமா எதிர்வீட்டுக்காரியை இழுப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கொடுக்கத் தெரியாதவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கை நிறைய வைத்திருக்கிறார், அவளுக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுப்பார் என்று நம்புகிறவளுக்குத்தான் பக்கத்துத் தட்டைப் பார்த்து எரியும். நம்பிக்கை விட்டுப்போனவளுக்குப் பொறாமை எதற்கு? பேசாமல் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். எங்கள் அக்கா படுக்கவில்லை.

அப்படி எத்தனையோ வருஷம் ஓடியது. ஒருநாள் பகல் ஷிப்ட் ஆட்கள் இறங்கிப் போனபின், ஒரு பெரியவர் விளக்கறை ஜன்னலில் வந்து நின்றார். பழைய சுரங்கத் தொழிலாளி. விபத்து நடந்த வாரமே பயந்துபோன அவர் மனைவி அவரை வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். இப்போது வேலை ஓய்ந்து, மகள் வீட்டோடு இருக்க வந்திருக்கிறார். பழைய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அக்கா யாருடைய மனைவி என்று தெரிந்ததும் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

"உன் வீட்டுக்காரன் மாதிரி ஒருத்தன் இனிமேதாம்மா பொறக்கணும்" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு நான் ஷிப்ட் முடிஞ்சு மேல வந்து இறங்கறேன், அவங்க உள்ள போக நிக்கறாங்க. உன் எதிர்வீட்டுக்காரன் பேட்டரி ஒழுகுது. ஆசிட் பட்டு இடுப்பு எரியுதுன்னு துள்றான். திரும்பிப் போய் மாத்திட்டு வர நேரமில்ல, மேஸ்திரி கத்தறாரு. உன் வீட்டுக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? 'என் தோலு தடிச்ச தோலுடா, நீ என்னதைக் கட்டிக்கோ'ன்னு அவனோட லைட்டை வாங்கி இவன் கட்டிக்கிட்டான். கடைசி நாள்கூட அடுத்தவனுக்கு நல்லது பண்ணிட்டுத்தான் போனான், புண்ணியவான்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். எழுந்து போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது. பெட்டிகளுக்கு எதை வைத்துப் பெயர் போட்டார்கள் என்று தெரிவதற்கு முன்பே அவர் ஊரைவிட்டுப் போனவர். விளக்கறையில் வேலை பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்குத்தான் உடனே விளங்கியது. எதிர்வீட்டுக்காரர் எண்ணோடு கிடைத்த உடல் எதிர்வீட்டுக்காரர் உடல் இல்லை. அந்த விளக்கைக் கட்டியிருந்தவர் அக்காவின் புருஷன். அக்காவின் புருஷனுடைய விளக்கைக் கட்டிக்கொண்டுபோன எதிர்வீட்டுக்காரர்தான் செங்கல் சுவருக்குப் பின்னால் இருக்கிறார்.

கேட்டது கிடைத்துவிட்டது. எங்கே இருக்கிறார் என்று காட்டும் என்றாள், காட்டிவிட்டார். ஆண்டவருக்கும் குறும்பு உண்டு போல. அக்கா முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை வேறு.

"அடிப்பாவி! என் புருஷன் மேல உக்காந்தா இத்தனை நாளா அழுதுக்கிட்டிருந்தா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். "வாராவாரம் பூ வைக்கிறா. கல்லைத் தடவிக் குடுக்கறா. வீட்டுக் கதை, கேன்டீன் கதை, ஒண்ணு விடாம அவர்கிட்ட சொல்றா. என்கிட்டயே வந்து பீத்திக்கிட்டா, 'மனசுல இருக்கறதையெல்லாம் அவர்கிட்ட கொட்டிட்டேன், பாரம் இறங்கிடுச்சு'ன்னு. இவரும் அத்தனையும் கேட்டுக்கிட்டு சும்மா படுத்திருக்காரு பாரு!" புருஷன் மேலும் கோபம் திரும்பியது. செத்துப்போனவரை இப்படித் திட்டுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் நல்ல உயிரோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாராவது தடவிக் கொடுத்தால் எனக்கு இவ்வளவு எரியுமா என்று யோசித்தேன். சந்தேகம்தான். அந்த நிமிஷம் அக்காவைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடப்போறேன். அந்தக் கல்லு முன்னாடியே வெச்சுச் சொல்றேன். பேரை அழிச்சு வேற பேரு வெட்டட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொன்னேன். சண்டை பார்க்கிற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வாசலில் அக்கா நிற்கவில்லை. குடையை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரி கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோனது.

"வந்துட்டியா! வா, உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள். "உன்னை உள்ள கூப்பிடணும்னு எப்பவும் தோணும். ஆனா வாய் வராது. என்கிட்ட கல்லு இருக்குன்னு காட்டறதுக்குக் கூப்பிடறேன்னு நினைச்சுடுவியோன்னு."

அக்கா வாயைத் திறந்தாள். எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "நீ எப்படித்தான் தாங்கறியோ. நான் சில சமயம் நினைச்சுப் பாப்பேன். உன் வீட்டுக்காரர் கிடைச்சு, எங்க வீட்டுக்காரர் கிடைக்காம போயிருந்தா? அந்தச் செவுத்துக்குப் பின்னால, இருட்டுல, உடனே போயிட்டாரா இல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரான்னு தெரியாம... அந்த நினைப்பு வந்துட்டா மூச்சே நின்னுடும். அப்புறம் இல்ல, அவரு இங்க பத்திரமா இருக்காரு, மண்ணு போட்டு, பாட்டு பாடி, ஜெபம் பண்ணி வெச்சிருக்கோம்னு நினைச்சுக்குவேன். அப்புறம்தான் தூக்கம் வரும். இந்தக் கல்லு மட்டும் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி சும்மா நினைத்துப் பார்த்தது அத்தனையும் அக்கா படுத்து எழுந்த இடம். உடனே போய்விட்டாரா, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரா என்று அவள் கேட்டுக்கொள்ளாத இரவு கிடையாது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் புல்லைச் சரியா பிடுங்கல" என்று சொல்லிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். புல்லைப் பிடுங்குகிற சாக்கில் உள்ளங்கையை மண்ணில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது நான் சும்மா விடவில்லை. "உரிமை உன்னோடது. நியாயம் உன்னோடது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொல்லி? அந்தச் செவுத்தைத் தூக்கி அவ கையில குடுக்கச் சொல்றியா? அது என்ன கனம் கனக்கும்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள். ரெண்டு எட்டு வைத்துவிட்டு, "நல்ல மனசுன்னு நினைச்சுக்காதே. இன்னும் எரியுது" என்றாள்.

தானும் எதிர்வீட்டுக்காரியும் சாகிற வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இன்று இரண்டு பேரும் இல்லை. அதனால்தான் திறக்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அக்கா உள்ளே போனாள். போனவள் சும்மா இருந்தாளா? பேட்டரித் தகடு துடைக்கிற பிரஷ்ஷைக் கொண்டுபோய்ப் பாசியைத் தேய்த்தாள். கம்பிக்குப் பெயிண்ட் அடித்தாள். எதிர்வீட்டுக்காரி வைத்த பூவை எடுத்துவிட்டுத் தான் கொண்டுவந்ததை வைத்தாள். "அவருக்கு இந்த வாசனை பிடிக்காது" என்று வாய் தவறிச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். தன் புருஷனுக்கு எந்த வாசனை பிடிக்காது என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்கிற கேள்வி அவளுக்கு வந்துவிட்டது. பொறாமை ஒரே வீட்டில் தங்குகிற சரக்கு இல்லை. தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

ஒருநாள் ஆராதனைக்குப் பின் சபைக் கூடத்தில் பெண்கள் எல்லாரும் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரி துணியைக் கீழே போட்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். உனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் என்ன?"

அக்கா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் காணாமப் போயி இவ்வளவு நாள்ல ஒரு கல்லு நட ஒத்துக்கல. என் புருஷன் கல்லைத் தேய் தேய்னு தேய்க்கற. உள்ள வராம வாசல்ல நின்னியே, அது என்ன நடிப்பு? குற்ற உணர்ச்சியா?"

எல்லார் கண்ணும் அக்கா மேல் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். என் நாக்கு பல்லை முட்டியது. அக்கா என்னைப் பார்த்தாள். விளக்கறையில் புதியவர்களை அதட்டுகிற அதே பார்வை. நான் விழுங்கிக்கொண்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போனாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொறுமைக்காரி என்று கொண்டாடிய அதே வாய்கள் ஒரே வாரத்தில், 'அமுக்கமா இருந்து என்ன வேலை பாத்திருக்கா பாரு' என்றன. அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, என்னைத் தவிர. கல்லறைத் தோட்டத்துக்குள் போவதையும் நிறுத்திவிட்டாள். பழையபடி வாசல், இப்போது கையில் யாருடைய குடையும் இல்லாமல். தன் புருஷன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தும் வாசலில் நிற்பது, தெரியாமல் நின்றதைவிடக் கொடுமை. சொந்தப் புருஷனோடு சேர்த்துப் பேச்சுக் கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெந்த புண்ணில் வேல் என்பதெல்லாம் சின்ன வார்த்தை. நான் குதித்தேன், திட்டினேன், ரெண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். அவள் அசையவில்லை. காலையில் விளக்குகளுக்கு நடுவே நின்று ஜெபம் பண்ணினாள். 'நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்' என்கிற வரி மட்டும் காணாமல் போயிருந்தது. "பொறுத்துக்கிறேன். ஆனா கொஞ்சம் சீக்கிரம் பாரும்" என்று முடித்தாள்.

போதகர் விளக்கறைக்கே வந்தார். பாவம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விளக்குகளை எல்லாம் சுற்றிப் பார்த்தார்.

"ஐயா, எதிர்வீட்டுக்காரரோட நான் நின்னு பேசினதுகூட ரொம்பக் கிடையாது. இதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க" என்று அவளே முடித்துவைத்தாள்.

அவர் நம்பினார். "காலம் வரும். பொறுத்தார் பூமி ஆள்வார்ம்மா" என்றார்.

"பூமியெல்லாம் வேணாங்க ஐயா. ஆறடி போதும். அந்தக் கல்லுக்கு வலப்பக்கம், தோட்டக்காரர் உடைஞ்ச சட்டியெல்லாம் போட்டு வெச்சிருக்காரே, அந்த இடத்தை எனக்குக் குடுங்க. நான் செத்தா அங்க வைக்கணும்."

போதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே சந்தேகப்படுகிற நேரத்தில் இவள் கேட்கிற இடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் வழக்கம்போல மனைவிக்கு என்று எதிர்வீட்டுக்காரிக்கு விட்டு வைத்திருந்தது. வலப்பக்கம் யாருக்கும் இல்லைதான். ஆனால் அங்கே குழி வெட்ட வேண்டுமானால் இரும்புக் கம்பியை எடுக்க வேண்டும். "அந்தம்மா சம்மதிக்கணுமே" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா தெருவைத் தாண்டினாள். பின்னாலேயே நானும் போனேன். எதிர்வீட்டுக்காரி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே பேசினாள்.

"உன் புருஷன் மேல எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்ல. ஆண்டவர் பேரைச் சொல்லிச் சொல்றேன்."

"அப்ப எதுக்கு அந்தக் கல்லையே சுத்திச் சுத்தி வர்ற?"

"எனக்குக் கல்லு இல்ல. செத்தா ஏதாவது ஒரு மூலையில தனியாப் போடுவாங்க. எக்காளம் ஊதி, செத்தவங்கல்லாம் எழுந்திரிக்கிற அன்னிக்குப் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. அதை நினைச்சா பயமா இருக்கு." குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை. "உன் இடத்துல எனக்குக் கொஞ்சம் பங்கு குடு."

தன் சொந்தப் புருஷனுடைய பக்கத்தை, அதை வைத்துக்கொண்டிருப்பவளிடம் பிச்சையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த துணியை மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு அழுதாள். "அன்னிக்குக் கூடத்துல அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசிட்டேனே."

"பேசினே. விடு. எரிஞ்சா வாய் நிக்காது, எனக்குத் தெரியாதா?"

"வலப்பக்கம் எடுத்துக்கோ. கம்பியை எடுக்கச் சொல்லிடறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாக, "இடப்பக்கம் என்னோடது. அதை மட்டும் கேக்காதே" என்றாள்.

"கேக்கல" என்றாள் அக்கா.

வெளியே தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "என்னக்கா இது! மனைவிக்குன்னு இருக்கற இடம் அவளுக்கு, உடைஞ்ச சட்டி போடற இடம் உனக்கா? இதுக்கா இவ்வளவு கெஞ்சின?"

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வலப்பக்கம்தான்டி எனக்கு வேணும். அவரு எப்பவும் வலப்பக்கம் திரும்பித்தான் எழுந்திரிப்பாரு. எக்காளம் ஊதினதும் கண்ணு முழிக்கறப்ப அவரு அவ மூஞ்சியையா பாக்கணும்? என் மூஞ்சியைத்தான் பாக்கணும்."

நடுத்தெருவில் நின்று நான் சிரித்தேன். உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்புவார் என்கிற அளவுக்கு அதை நம்பிய ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்தபின்தான் எனக்கு அது உறைத்தது.

"அப்ப அவ? ஆசையா எழுந்து பக்கத்துல பாத்தா வேற ஆளு இருப்பாரே. பதறிட மாட்டாளா?" என்றேன்.

அக்கா எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அவ புருஷன் அவ்வளவு ஆழத்துலேருந்து ஏறி வரணும். கொஞ்சம் நேரமாகும்" என்றாள். "அவரு வந்து சேர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அவகூட நிப்போம். அவளைத் தனியா நிக்க விட மாட்டோம்."